மலைப் பக்கத்துச் சோகை

என் மாமா, அதாவது அக்கா புருஷன், ஆற்றங்கரை ஊரான மணலூர்பேட்டையில் பிறந்து வளர்ந்த கரும்புக்காரர். கல்வராயன் மலையடிவாரத்தில் நிலம் வாங்கிக்கொண்டு போன பிறகும் ஆற்றங்கரைப் பழக்கத்தை விடவில்லை. கரும்பு வெட்டு முடிந்ததும் வயலில் கிடக்கிற காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்துவார். பக்கத்து வயலுக்குத் தீ தாவாமல் இருக்க, வரப்போரச் சோகையை முதலில் உள்ளே வாரித் தள்ளித் தரை தெரிய விடுவார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசி லோடை மூங்கில்துறைப்பட்டு ஆலையில் இறக்கிவிட்டு டிராக்டரோடு நான் திரும்பியபோது மூன்று பக்கம் சுத்தமாக வாரியிருந்தார். மலைப் பக்கம் மட்டும் அப்படியே கிடந்தது.

"அந்தப் பக்கம் இன்னா மாமா?"

"அது காடு மச்சான். அங்க எவன் கரும்பு வச்சிருக்கான்?" என்று சொல்லிக்கொண்டே பற்ற வைத்தார்.

ஆற்றங்கரையில் அந்த உச்சிவேளையில் காற்று அடங்கிக் கிடக்குமாம். இங்கே வெயில் ஏற ஏறக் காற்று மலைமேல் ஏறும். கண்மூடித் திறப்பதற்குள் தீ வரப்பைத் தாண்டிப் புல்லைப் பிடித்துச் சரிவில் ஏறியது. மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

"உங்க அக்கா வெறகுக்குப் போயிருக்குதுடா. இந்நேரம் வந்திருக்கும்னு நெனச்சேன்."

முந்தின மழைக்காலத்துப் புயலில் அந்தச் சரிவு முழுக்க மரங்கள் சாய்ந்து கிடந்தன. ஊர்ப் பெண்களுக்கு அங்கேதான் விறகு. மனுஷனா இவர் என்று வாய்வரை வந்தது. அவர் நின்ற கோலத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

சாதாரணமாக மலைத்தீ புல்லை மேய்ந்துவிட்டு ஓடிவிடும். பட்டை கருகின மரம் அடுத்த மழைக்குத் துளிர்த்துக்கொள்ளும். அன்றைக்குத் தீ ஓடவில்லை. புயல் சாய்த்த மரங்களில் குந்திக்கொண்டு தின்றது. பக்கத்தில் நின்ற பச்சை மரங்களையும் அடியோடு பிடித்தது. மண் வெந்துபோன அந்த இடத்தில் இன்று வரைக்கும் உன்னிச்செடியைத் தவிர ஒன்றும் வரவில்லை.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பதில் இல்லை. புகை கொஞ்சம் விலகியதும் சுற்றுவழியாக மேலே ஏறினோம். மாமா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார்.

சரிவின் தலைமாட்டில் கரித்தரையாக ஒரு மேடு. பெருந்தீ பரவாமல் இருக்க, பனிக்கால ஈரம் காய்வதற்கு முன்னாலேயே மலைக்காரர்கள் அங்கே புல்லைக் கொளுத்தி வைப்பது வழக்கம். காட்டை அழிக்கிறார்கள் என்று வனக்காவலரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தவர் இதே மாமாதான். எரிந்த தரையில் மறுபடி எரிய ஒன்றுமில்லாமல் தீ அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தலைமுடி பொசுங்கி, முகமெல்லாம் கரி. உயிரோடு இருந்தாள்.

மாமா அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. கீழே எங்கள் வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து வரப்பு வரப்பாக எல்லாம் தெரிந்தது.

"மூணு பக்கமும் நல்லாத்தான் வாரி வுட்டிருக்கீங்க," என்றாள். "நான் இருந்த பக்கந்தான் வாரல."