கடல்பச்சைக் காரின் வலப்பக்கம்

இரண்டாயிரத்துக்குப் பிந்திய நாலைந்து வருடங்கள், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலை உலகத்தில் இல்லாத கார்களோடு கழித்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. லண்டனில் நோர்பரியிலிருந்து ஸ்ட்ரெதமுக்கு 109 பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவள். கார் என்றால் நனையாமல் போவதற்கு ஒரு வழி, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

மழைக்கு ஒதுங்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன். ஸ்ட்ரெதம் பெருந்தெருவில் ஒரு தேவாலய மண்டபம், கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, பதினைந்து பேர் மடக்குக் கதிரைகளில் இருந்தார்கள். புரொஜெக்டர் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு கார் தெரிந்தது. கூரை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடிக் குமிழி. மூக்கு, ஜெட் விமானத்தின் வாய். பக்கவாட்டில் ஒரு குரோமியக் கோடு முன்விளக்கில் தொடங்கி, கதவைத் தடவி, எங்கே முடிகிறது என்று தெரியாமலே முடிந்தது. நான் குடையை மடக்கக்கூட மறந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றேன்.

ஐம்பதுகளில் அமெரிக்கக் கம்பனிகள் விற்பதற்கு அல்லாமல், காட்டுவதற்கென்றே ஒவ்வொன்றாகச் செய்த கார்கள் அவை. கனவுக் கார்கள் என்றுதான் அந்தக் காலத்தில் அழைத்தார்களாம். சுழலும் மேடையில் விளக்கு வெளிச்சத்தில் வைப்பார்கள், சனம் வாய் பிளந்து பார்க்கும், காட்சி முடிந்ததும் பலவற்றை நொறுக்கிவிடுவார்கள். மிச்சம் படங்கள்தான். அந்தப் படங்களைப் பார்க்கத்தான் இந்தப் பதினைந்து பேரும் கூடினார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர், கணக்கு ஆசிரியர், ஒரு பூக்கடைக்காரி. ஒருவரும் இந்தக் கார்களில் ஒன்றையும் நேரில் கண்டவர்கள் இல்லை. ஒரு பின்விளக்கின் வளைவைப் பற்றி முக்கால் மணி நேரம் சண்டை பிடிப்பார்கள். விசர்க் கூட்டம் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் போனேன். மூன்றாம் மாதம் எல்லோருக்கும் சாப்பிட ரோல்ஸ் சுட்டுக்கொண்டு போனேன்.

என் தொழில் பல் செய்வது. பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து மெழுகில் செதுக்கி, பிறகு வார்க்கிற வேலை. ஒரு நாள் முழுக்க வளைவுகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு நல்ல வளைவைக் கண்டால் கை சும்மா இருக்காது. அந்தக் கார்களையும் முதலில் களிமண்ணில்தான் இழைத்தார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு, அவற்றைச் செய்த முகம் தெரியாத மனிதர்களை எனக்குச் சொந்தக்காரர்களாகவே எண்ணத் தொடங்கினேன். பஸ்ஸில் கண்ணை மூடினால் குரோமியக் கோடு ஓடும். மழைநாளில் தெருவிளக்கு நனைந்த கார்களின் முதுகில் வழுக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்து இரண்டு பஸ் தரிப்பு தாண்டி இறங்கியிருக்கிறேன்.

கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்தது ஒரு கடல்பச்சைக் கார். அதன் படம் எங்களுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. புரொஜெக்டரில் செருகிப் பார்க்கும் சின்ன பிலிம் துண்டு, ஸ்லைடு என்பார்கள். அதன் சொந்தக்காரர் முப்பது வருடம் லண்டன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். கப்பலில் வேலை செய்த அவருடைய அண்ணன் அமெரிக்கக் கண்காட்சி ஒன்றில் எடுத்த படம். தன் கையாலே சட்டம் போட்டு, ஓரத்தில் சிவப்புப் பொட்டு வைத்துத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறார். பொட்டு கட்டைவிரலுக்கு வரும்படி பிடித்துப் புரொஜெக்டரில் செருக வேண்டும். அனுப்பிய அடுத்த பயணத்தில் அண்ணன் காய்ச்சலில் இறந்துபோனார். எல்லாச் சந்திப்பும் அந்தப் படத்தோடுதான் முடியும். பொட்டைத் தடவிப் பார்த்து அவரே செருகுவார்.

அந்தக் கார் இரண்டு பக்கமும் ஒன்று போல இல்லாதது. இரண்டே இருக்கை. ஸ்டியரிங் வலப்பக்கம். ஓட்டுபவரின் தலைக்குப் பின்னால், அந்த ஒரு பக்கத்தில் மட்டும், மீன் துடுப்பைப் போல ஒரு தகடு நிமிர்ந்து பின்வரை ஓடும். அதை அவர்கள் ஃபின் என்பார்கள். இந்த ஒற்றை ஃபின்னைப் பற்றிக் கணக்கு ஆசிரியர் கூட்டத்தின் செய்திமடலில் நாலு பக்கம் எழுதியிருந்தார்.

பஸ் ஓட்டியவருக்குக் கண்ணின் நடுப்பார்வை தேயத் தொடங்கியது. இரண்டு வருடத்துக்குள் படம் பார்க்க ஏலாமல் போகும் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் கடலோர ஊரில் இருக்கும் மகளிடம் போவதென்று முடிவானது. போகும்போது அவர் கையில் அந்தக் காரைக் கொடுக்க வேண்டும், தடவிப் பார்க்கட்டும் என்று பூக்கடைக்காரி சொன்னாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பதினான்கு மாதம் எடுத்தது. மெழுகில் செதுக்கி, பொய்ப்பல் செய்கிற அக்ரிலிக்கில் வார்த்தேன். வர்ணம் பூசுவதற்கு முதல் அது ஈறு நிறத்தில் சமையலறை மேசையில் கிடந்ததைப் பார்த்து, யாருடைய வாயிலிருந்து கழன்றது என்று என் கணவர் கேட்டார். ஒரு முழம் நீளம். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் கோடு எங்கும் தடக்கக் கூடாது. அது ஒன்றே என் கவலையாக இருந்தது. இரவில் கனவிலும் தடவினேன்.

பிரியாவிடைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, குமிழியின் விளிம்பைச் சரிபார்க்க ஸ்லைடை இரவல் வாங்கி வேலை இடத்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தேன். காருக்குப் பின்னால் மங்கலாக நின்ற மனிதர்களை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். கோட் போட்ட மூன்று ஆண்கள். மூவருடைய மேற்சட்டைப் பையிலும் வெள்ளைக் கைக்குட்டை. மூன்றும் வலப்பக்க நெஞ்சில்.

கோட்டில் அந்தப் பை இடப்பக்கம்தான் இருக்கும். ஸ்லைடை மறுபக்கம் திருப்பினேன். கைக்குட்டைகள் தங்கள் இடத்துக்குப் போயின. ஃபின்னும் ஸ்டியரிங்கும் இடப்பக்கம் போயின.

அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் வேறெங்கே இருக்கும்? பின்விளக்குக்குச் சண்டை பிடித்த பதினைந்து பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. லண்டனில் வலப்பக்கம், நான் பிறந்த ஊரிலும் வலப்பக்கம். எங்கள் கண்ணுக்கு அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. போதாததற்கு, எதிர்காலத்தை எண்ணியே இதை வலப்பக்கம் வைத்தார்கள் என்று கணக்கு ஆசிரியர் விளக்கம் வேறு எழுதிவிட்டார். அண்ணன் பொட்டை மறுமுகத்தில் வைத்திருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேலாகக் கார், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறியே ஓடியிருக்கிறது. என்னை நினைத்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. வலது கடைவாய்ப்பல்லை இடதுக்குச் செய்து அனுப்பினால் என் தொழிலில் மன்னிப்பே கிடையாது. நான் ஒரு காரையே அப்படிச் செய்து வைத்திருந்தேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? கண் தெரியாமல் போற மனுசனுக்கு எந்தப் பக்கமெண்டால் என்ன. பேசாமல் குடுத்திட்டு வாரும்."

"கண் தெரியாமல் போறபடியால்தான் சொல்லப்போறன். இனி அவர் கையாலைதான் பாக்கப்போறார். கை பிழையைப் பழகக் கூடாது."

சொல்வது என்னவோ சுலபமாகச் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் நித்திரை வரவில்லை. இறந்துபோன அண்ணன் தம்பிக்கு விட்டுப்போன ஒரே பொருளில் பிழை கண்டுபிடித்துச் சொல்ல நான் யார் என்று இருந்தது. சொல்லாமல் விட்டால், அவர் மிச்சக் காலம் முழுக்க இல்லாத ஒரு காரைத் தடவிக்கொண்டிருப்பார், அது எனக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

கடைசிச் சனிக்கிழமை காலை, காரைத் துவாயில் சுற்றி, ஸ்லைடையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் பெட்டிகள் கட்டி வைத்திருந்தார். தேநீர் ஆறும்வரை சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, பிறகு போட்டு உடைத்தேன். கைக்குட்டைகள், பொட்டு, ஸ்டியரிங் எல்லாம். திரும்பச் செய்து தருகிறேன், ஆனால் ஒரு வருடம் எடுக்கும் என்றும் சொன்னேன். அந்த ஒரு வருடம் அவரிடம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அவர் புரொஜெக்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னார். இந்தத் தடவை நான்தான் ஸ்லைடைச் செருகினேன், பொட்டு மறுபக்கம் இருக்க. வெறும் சுவரில் கடல்பச்சைக் கார் எழுந்தது. ஞாயிறுகளில் பார்த்த அதே கார், ஆனால் முன்பின் கண்டிராத ஒரு கார். தலையைச் சரித்து, பார்வையின் ஓரத்தால் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்த காரியத்துக்காக அப்போது உண்மையிலேயே வருந்தினேன்.

பிறகு, சுவரைப் பார்த்தபடியே சொன்னார். அண்ணன் இறந்த செய்தி வந்த நாளிலிருந்து நித்திரை வராதபோதெல்லாம் அந்தக் காரில்தான் ஏறுவாராம். அவர் வலப்பக்கம், ஸ்டியரிங்கில். அண்ணன் பக்கத்தில் இடப்பக்கம். கடலோரமாக ஒரு தெரு, தரிப்பு எதுவும் கிடையாது. பகலெல்லாம் பஸ், இரவில் அது. ஒரு நாளும் தெருவிலிருந்து கண்ணை எடுக்க முடிந்ததில்லை, ஓட்டுகிறவன் எடுக்கலாமா என்று கேட்டார்.

"அப்படியென்றால் இவ்வளவு காலமும் அவன்தான் ஓட்டியிருக்கிறான்."

நான் அழுதேன். மறைக்கவில்லை.

காரைத் துவாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஃபின்னைத் தடவினார். இது இருக்கிற இடத்தில் இருக்கட்டும், ஸ்டியரிங்கை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். அது பால்பல் அளவுதான், வெறும் மெழுகில் ஒட்டியிருந்தேன். கைப்பையில் இருந்த செதுக்குக் கத்தியால் கழற்றி இடப்பக்கம் வைத்தேன்.

அவருடைய சுண்டுவிரல் குமிழிக்குள் போய் ஸ்டியரிங்கைத் தொட்டது. பிறகு மெல்ல நகர்ந்து, வெறுமையாக இருந்த வலப்பக்க இருக்கையில் நின்றது.

"அப்போ நான் கடலைப் பார்த்துக்கொண்டு வரலாம்" என்றார்.