தாராவியில் நின்றுபோன தொடர்கதை

அறுபதுகளில் பம்பாயில் நான் எழுதாதது என்று எதுவும் இல்லை. பகலில் கோட்டைப் பகுதியில் ஓர் ஆங்கில நாளிதழில் உதவி ஆசிரியர் வேலை. மாலையில் மாட்டுங்கா அறைக்குத் திரும்பியதும் சென்னைப் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட், சினிமா, சிறுகதை, மராத்தியிலிருந்து மொழிபெயர்ப்பு. ஒருமுறை பெண் பெயரில் சமையல் குறிப்புகூட எழுதினேன். "அவரிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும்" என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொள்வார்களாம். எனக்கு அதில் பெருமைதான்.

அப்போது ஒரு சிறிய வார இதழ் தொடர்கதை கேட்டது. தாராவியில் தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகளைப் பற்றி எழுதினேன். அடிக்கிற கணவனை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்து தையல் வேலை பார்ப்பவள். கதை பாதியில் இருக்கும்போது இதழ் நின்றுவிட்டது. நானும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

சில மாதங்கள் கழித்து, தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றிச் செய்தி சேகரிக்கத் தாராவிக்குப் போனேன். குழாயடியில், பக்கத்துக் குடிசை வரிசையில் இட்லி வியாபாரம் செய்யும் ஒரு பெண் என் பெயரைக் கேட்டதும் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தத் தொடர்கதை எழுதுனது நீங்கதானா? எங்க வீட்டுக்காரவ வாராவாரம் வாசிச்சுச் சொல்லுவாவ. அந்தப் புள்ள என்ன ஆனா?"

"புருஷன் திருந்திடுவான். அவ திரும்பிப் போயிடுவா."

"போவ மாட்டா, சார்" என்றாள் நிதானமாக. "அவ்வளவு அடிபட்டு வந்தவ எப்படிப் போவா? நீங்க அவள அப்படி எழுதலியே."

"வேற என்ன பண்ணுவா?"

"கையில தொழில் இருக்குல்லா. பொழச்சுக்கிடுவா. நீங்க எழுதுங்க சார், நாங்க வாசிக்கோம்."

அவள் சொன்னதுதான் சரி. திரும்பும் வழியிலேயே முடிவு மனத்தில் உருவாகிவிட்டது. ஆனால் அந்த வாரம் டெஸ்ட் மேட்ச். அடுத்து ஒரு நடிகரின் பேட்டி, பிறகு பயணக் கட்டுரைகள். இது முடியட்டும், இது முடியட்டும் என்றே போயிற்று. கடைசியில் எழுத உட்கார்ந்தபோது கதையில் வரும் பெண் என்னைப் போலவே பேசினாள். எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன்.

இட்லிக்காரப் பெண்ணின் பேச்சை இன்னொருமுறை கேட்டால் வழி பிறக்கும் என்று தோன்றியது. போய்ப் பார்த்தேன். அந்தக் குடிசை வரிசையே இல்லை. அங்கே கடைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவுக காலி பண்ணிட்டுக் காட்கோபர் பக்கம் போயிட்டாவ" என்றார் பக்கத்துக் கடைக்காரர். விலாசம் அவருக்குத் தெரியவில்லை.

அன்று மாலை செம்பூரில் ஒரு நாடகத்துக்கு விமர்சனம் எழுத வேண்டியிருந்தது. பஸ் பிடித்துப் போனேன். விமர்சனம் நன்றாக இருந்ததாகப் பலர் சொன்னார்கள்.