நிலைக்கு முன்னால் கதவு

நான் ஆசாரி வீட்டுப் பெண். உளியைத் தொட்டதில்லை, ஆசாரித் திமிர் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது. காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நானும் என் கூட்டாளியும் கல்யாண வீடியோக் கடை வைத்திருக்கிறோம். அவள் எடுப்பாள், நான் வெட்டி ஒட்டுவேன். முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் ஆண் கேமராக்காரர்கள் போக முடியாது. அவளும் முஸ்லிம் பெண் என்பதால் சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு நல்ல கிராக்கி.

சில மாதங்களுக்கு முன் அவள் தங்கைக்கே நிக்காஹ் நடந்தது. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, இறந்துபோன பிறகு அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தது குவைத்தில் இருக்கும் அவளுடைய அண்ணன்தான். பார்க்க மட்டும் அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, லீவு கிடைக்கவில்லை. "வீடியோ எப்பம்மா வரும்?" என்று தினமும் கேட்பார். மெமரி கார்டுகளைப் பள்ளத்தூரில் அடுத்து எடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது. மொத்த நிக்காஹும் என் கம்ப்யூட்டரில், பெரிய டிஸ்க்கில் மட்டும் இருந்தது. இன்னொரு காப்பி எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

அந்த வாரம் பார்த்து எனக்குக் கை அரித்தது. பெரிய டிஸ்க்கின் கடைசியில் கொஞ்சம் இடம் பிரித்துப் புது சிஸ்டம் ஏற்றினால் வேலை வேகமாக நடக்கும், அண்ணனுக்கும் சீக்கிரம் அனுப்பலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மவுஸால் இழுத்தே செய்ய மென்பொருள் இருக்கிறது. அதெல்லாம் எனக்குக் கௌரவக் குறைச்சல். கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால்தான் வேலை செய்த மாதிரி இருக்கும்.

இதில் இரண்டு சமாச்சாரம் உண்டு. டிஸ்க்கில் போடும் எல்லை பார்ட்டிஷன். அந்த எல்லைக்குள் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஏற்பாடு ஃபைல் சிஸ்டம். எங்கள் வீட்டுக் கணக்கில் முதலாவது வாசல் நிலை, இரண்டாவது அதற்குள் மாட்டும் கதவு. கொத்தமங்கலத்துப் பெரிய வீடுகளில் அப்பா முதலில் நிலையைத்தான் நிறுத்துவார். பிறகு அதற்குத் தக்கபடி கதவை இழைப்பார். முன்பு ஒருமுறை இதே டிஸ்க்கில் இடத்தைக் கூட்டியபோது நானும் அப்படித்தான் செய்தேன். எல்லையை அகட்டினேன், பிறகு ஃபைல் சிஸ்டத்தை அதன் அளவுக்கு விரித்தேன். அலுங்காமல் முடிந்தது. குறைப்பதற்கும் அதே வரிசைதான் என்று இருந்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். டிஸ்க்கின் அளவுகளைத் திரையில் வரவழைத்தபோது, பின்னால் நின்று கூட்டாளி போனில் படம் எடுத்தாள்.

"எதுக்குடி?"

"அண்ணன் காலையிலேர்ந்து நாலு தடவை கேட்டுட்டாக. வேலை நடக்குதுன்னு காட்ட வேணாமா?"

நான் எல்லையை உள்ளே தள்ளினேன். கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டேன். பெரிய டிஸ்க் திறக்கவில்லை. சோதிக்கும் கட்டளையை அடித்தேன். ஃபைல் சிஸ்டம் இவ்வளவு பெரியது, எல்லை அதைவிடச் சிறியது, ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது, இத்தோடு நிறுத்தவா என்று கேட்டது. நிலையை நெருக்கிவிட்டேன், உள்ளே கதவு பழைய அளவிலேயே நிற்கிறது. நிறுத்தாமல் எதையாவது அடித்துச் சரிசெய்யச் சொல்லிக் கை துறுதுறுத்தது. என் ஆயுளில் முதல் தடவையாகக் கையை அடக்கிக்கொண்டேன். நிறுத்து என்றேன்.

அவளிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. "ஒன் தங்கச்சி கல்யாணத்தைக் கெடுத்துட்டேன்டி" என்றேன். அவள் திட்டியிருந்தால் தேவலை.

"அண்ணங்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

நிதானமாக யோசித்தேன். ஃபைல் எதையும் நான் தொடவில்லை. எல்லைக்கோட்டைத்தான் நகர்த்தியிருக்கிறேன். முன்பு இருந்த இடத்திலேயே, ஒரு எண் பிசகாமல் கோட்டைப் போட்டால் எல்லாம் திரும்பி வரும். அந்த எண்தான் என்னிடம் இல்லை. அப்பா சுவரில் பென்சிலால் அளவு குறிக்காமல் மரம் அறுக்கும் வாளை எடுக்க மாட்டார். அந்தப் பழக்கம் எனக்கு வரவில்லை.

"நான் அனுப்புன படத்துல இருக்குமா, பாரு" என்றாள் அவள்.

படத்தில் முக்கால்வாசி என் தலைதான். ஆனால் காதுக்குக் கீழே அந்த ஒரு வரி தெரிந்தது: எல்லையின் தொடக்கம், முடிவு. நடுவில் ஒரு இலக்கம் மட்டும் மூன்றா எட்டா என்று புரியவில்லை. சற்றுமுன் கம்ப்யூட்டர் சொன்ன ஃபைல் சிஸ்டத்தின் அளவை வைத்துப் பெருக்கிப் பார்த்தேன். மூன்றுதான். அவள் சும்மா விடவில்லை. சுவரில் பென்சிலால் எழுத வைத்து, ஒவ்வொரு எண்ணாக வாசித்து, என்னை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் தட்ட விட்டாள்.

மறுபடி சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. டிஸ்க் திறந்தது. கைக்கு முதலில் வந்த ஃபைலை ஓட்டினேன். பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் அவள் அம்மா கேமராவைப் பார்த்துக் குவைத்தில் இருக்கும் மகனிடம் சொல்கிறார்: "தம்பி, சாப்பிட்டியாப்பா? இங்கிட்டு எல்லாரும் சாப்பிட்டாச்சு. நீ ஒருத்தந்தான் பாக்கி."

அவள் அழுதாள். நானும் அழுதேன், அவளைவிடச் சத்தமாக.

அந்தத் துண்டை மட்டும் உடனே அண்ணனுக்கு அனுப்பினாள். நான் மொத்தத்தையும் வேறு இரண்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்தேன். அதன் பிறகு வேலையை ஒழுங்கான வரிசையில் செய்தேன். முதலில் ஃபைல் சிஸ்டத்தை வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுருக்கினேன். அப்புறம் எல்லையை நெருக்கினேன். கடைசியாக ஃபைல் சிஸ்டத்தை எல்லை வரை விரித்து நிரப்பினேன். ஆசாரி வீட்டில் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள், அப்பாவிடம் நான் சொல்லவும் இல்லை.

கடையைப் பூட்டும்போது அண்ணனிடமிருந்து பதில் வந்தது. வீடியோ எப்போது வரும் என்று அவர் அன்றைக்குக் கேட்கவில்லை.

"அம்மாட்டச் சொல்லு. சாப்பிட்டேன்னு."