நாற்பத்தேழாவது கம்பி

அங்காளம்மாளின் கை குட்டை. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்தால்தான் ஒரு முழம் பூ என்பதால், இரும்புலியூர் காலனியில் அவளுடைய முழத்தைப் பற்றிப் பேசாத வாசல் கிடையாது. பேச்சை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பவள் இல்லை அவள். ஒவ்வொரு முழத்துக்கும் மேலே நான்கு விரல்கடை பூவைச் சேர்த்து அளந்து, "இது கொசுறு" என்று உரக்கச் சொல்லித்தான் அறுப்பாள். கொசுறு இல்லாமல் அவள் கூடையிலிருந்து ஒரு மொட்டுகூட வெளியே போனதில்லை.

ஸ்ரீரங்கனுக்கு இதெல்லாம் தெரியாது. பூ வாங்குவது மனைவி லோகநாயகியின் இலாகா. அவருடைய இலாகா விமானம்.

கிண்டியில் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர் அவர். கோடு போடுவதுதான் வேலை. அவர் போட்ட கோட்டில் தலைமுடி அளவு பிசகு இருந்ததாக யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் காலையில் வீட்டுக்கு மேலே வட்டமடிக்கும். அதை அண்ணாந்து பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு இந்தப் பித்துப் பிடித்தது என்று லோகநாயகி சொல்லுவாள். ஆனால் அவர் செய்ய நினைத்தது அந்த விமானம் அல்ல. மனிதன் முதன்முதலாகப் பறந்த காலத்து விமானம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கை, நடுவில் மெல்லிய கால்கள், குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய கம்பிகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் அதற்கு ஒரு வரைபடம் போட்டார். அதில் நாற்பத்தாறு கம்பிகளுக்கும் எண் கொடுத்திருந்தார்.

மூங்கில் சீவி, மெல்லிய துணி ஒட்டி, ஏழு வருஷத்தில் இறக்கை, வால், சக்கரம் எல்லாம் முடிந்துவிட்டன. கம்பி கட்டுவது மட்டும்தான் பாக்கி. கம்பி என்றால் மெழுகு தடவிய கறுப்பு நூல். அந்தச் சமயம் பார்த்து அவருடைய கை நடுங்க ஆரம்பித்தது.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. வேலையை விட்டார். இறக்கையில் பதித்திருந்த குட்டிக் கொக்கியில் நூலைக் கோக்கப் போய் விமானத்தின் மூங்கில் கால் ஒன்றை உடைத்து, திரும்ப ஒட்டவைத்தார். அன்றைக்கு விமானத்தின்மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தியவர், அதற்கப்புறம் இரண்டு வருஷமாகப் பேனாவையே தொடவில்லை. மனிதர் நொந்துபோயிருந்தார். அதை ஒளித்து மறைக்கத் தெரியாமல் எல்லாரிடமும் எரிந்து விழுந்தார்.

தொண்ணூற்றொன்று ஜனவரியில் லோகநாயகி ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தாள். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் கைவினைக் கண்காட்சி, பிப்ரவரி கடைசி ஞாயிறு. மாதிரிகளோடு வரைபடமும் வைக்க வேண்டும், இரண்டும் பொருந்தாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று அதில் போட்டிருந்தது.

"ஏன்னா, நாம அங்காளம்மாவைக் கேட்டா என்ன?" என்றாள். "அவ கட்டற முடிச்சு அவுந்து நான் பார்த்ததே இல்லை."

"பூக்காரியா? என் விமானத்தையா?" என்று குதித்தார் ஸ்ரீரங்கன். மூன்றாம் நாள் அவரே வேட்டியை விலக்கிப் பார்த்தார். இந்த பிப்ரவரியை விட்டால் இது எந்தக் காலத்திலும் முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் அங்காளம்மாள் கூடத்துக்கு வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா சார் இது, மாடி வச்ச ஏரோப்ளேனா கீது?"

ஸ்ரீரங்கன் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினார். சில கம்பிகள் பறக்கும்போது இறக்கை மேலே பிய்த்துக்கொண்டு போகாமல் பிடிப்பவை. சில, தரையில் நிற்கும்போது அது தொங்கிவிடாமல் தாங்குபவை. எது தளர்ந்தாலும் இறக்கை முறுக்கிக்கொள்ளும். அவள் பாதியைக் காதில் வாங்கி, நூலை இடது கை விரல்களில் சுற்றிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். இடப்பக்கம் ஆறு கட்டி முடிப்பதற்குள் விமானம் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது.

"ஐயோ, நிறுத்து! ஒரே பக்கமா இழுத்தா எப்படி?"

"கத்தாத சார். இதை மொதல்லயே சொல்ல வேணாமா? பூவும் அப்படித்தான். இந்தப் பக்கம் ரெண்டு வச்சா அந்தப் பக்கம் ரெண்டு வைக்கணும், இல்லாட்டி சரம் திருகிக்கும்."

ஆறையும் பொறுமையாக அவிழ்த்தாள். அப்புறம் இடது ஒன்று, வலது ஒன்று என்று ஜோடி ஜோடியாகப் போட்டாள். அவர் எண்ணைச் சொல்லுவார், ஸ்கேலை வைத்து இறக்கையின் மட்டம் பார்ப்பார், அவள் கட்டுவாள். பூ கட்டுகிற விரலுக்கு அந்தக் கொக்கிகள் பெரிய விஷயமாகவே இல்லை. தினம் ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை, பதினோரு நாள். ஐந்தாம் நாளிலிருந்து ஸ்ரீரங்கன் ஒன்றே காலுக்கே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டதை லோகநாயகி கவனித்துச் சிரித்துக்கொண்டாள். கடைசி நாள் நாற்பத்தாறாவது எண்ணைச் சொல்லிவிட்டு அவர் மாத்திரை போட உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் வரைபடத்தை விரித்து ஒவ்வொரு கம்பியாகச் சரிபார்த்தார். நாற்பத்தேழு வந்தது. மறுபடி எண்ணினார். நாற்பத்தேழுதான். வாலுக்கு அடியில், எந்த எண்ணும் இல்லாத இடத்தில், நேர்த்தியாக ஒரு நூல் கட்டியிருந்தது.

சாயங்காலம் அங்காளம்மாள் வாசலில் வந்து நின்றதுமே பிடித்துக்கொண்டார். "வாலுக்குக் கீழே ஒண்ணு கட்டியிருக்கியே, அது என்ன?"

"அதுவா? கொசுறு சார்."

"விமானத்துக்கு ஏதம்மா கொசுறு? படத்தில் இல்லாததை யார் உன்னைக் கட்டச் சொன்னா?"

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "நம்ம கை குட்டைன்னு இந்தத் தெருவே பேசுது சார். கொசுறு இல்லாம நான் எதையும் குடுத்ததில்ல. வேணாம்னா அறுத்துடு" என்று சொல்லிவிட்டு, பூ வேணுமா என்றுகூடக் கேட்காமல் போய்விட்டாள்.

ஸ்ரீரங்கன் பிளேடை எடுத்துக்கொண்டு விமானத்தின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு வெட்டு வெட்டினால் நாற்பத்தாறு. வரைபடமும் மாதிரியும் பொருந்திவிடும். அதிகப்படியாக ஒரு கோட்டை வாழ்நாளில் அனுமதிக்காதவர் அவர். அந்த நூலை விரலால் தொட்டுப் பார்த்தார். மற்ற நாற்பத்தாறைப் போலவே விண்ணென்று இருந்தது. அவருடைய கையை இந்த இரண்டு வருஷமாகத் தெருவே பரிதாபத்தோடு பார்த்தது. அவளுடைய கையை இருபது வருஷமாகக் கேலியோடு பார்க்கிறது.

பிளேடை வைத்துவிட்டு, மசி காய்ந்து கிடந்த பேனாவை அலம்பினார். வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வரைபடத்தில் வாலுக்கு அடியில் ஒரு கோடு போட்டார். இரண்டு அங்குலக் கோடு. போட்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அது நெளிந்து நெளிந்து போய்ச் சேர்ந்தது. ஓரத்தில் 47 என்று எழுதி, பக்கத்தில் 'கொசுறு' என்றும் எழுதினார். பிறகு லோகநாயகியை அழைத்து, நாளைக்குப் பூக்காரியைக் கட்டாயம் கண்காட்சிக்கு வரச் சொல்லு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நடுவர் கம்பிகளை எண்ணினார், வரைபடத்தைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். பரிசு தீக்குச்சியில் கோபுரம் கட்டியவருக்குப் போயிற்று. ஸ்ரீரங்கனுக்கு அது உறைக்கவே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் அங்காளம்மாள் கூடையோடு வந்தாள். முதலில் குனிந்து வாலுக்கு அடியில் பார்த்தாள். நூல் அப்படியே இருந்தது. முகம் மலர்ந்தது. மேஜையில் விரித்திருந்த வரைபடத்தைக் காட்டி, "இதுல நம்மளது எது சார்?" என்றாள்.

ஸ்ரீரங்கன் விரலை அந்த நெளிந்த கோட்டின்மேல் வைத்தார். "கை நடுங்கிடுத்து. கோணலாப் போயிடுத்து" என்றார்.

அவள் மற்றக் கோடுகளையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மத்ததெல்லாம் வெறும் கோடா கீது சார்" என்றாள். "இது ஒண்ணுதான் நூலு மாதிரி கீது."