மூன்றாம் வரிசை ஓர இருக்கை

திரை உயர இரண்டு மணி நேரம் இருக்கும்போது கதாநாயகி மாடிப்படியில் கால் பிசகி விழுந்தாள். குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணுக்கால்தான் வீங்கிப் போயிருந்தது.

"ஓரமா உட்கார்ந்து நான் பாடிடுவேன். நடமாடத்தான் ஆள் வேணும்," என்றாள் அவள்.

அரங்க மேலாளர் இயக்குநரைப் பார்த்தார். "ஒவ்வொரு அசைவும் தெரிஞ்சவங்க நீங்கதான் மேடம். வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. வந்தவங்களை வீட்டுக்கு அனுப்பிடலாம்."

இயக்குநர் ஒப்பனை அறைக்கு நடந்தாள். பாடகர்கள் வரியை மறந்தால் மறைவிலிருந்து எடுத்துக்கொடுக்கும் வேலையில் தொடங்கியவள் அவள். பிறகு ஊர் ஊராக ஓபரா என்னும் இசை நாடகங்களை இயக்கினாள். இந்த முறை, ஆரம்பம் முதல் முடிவு வரை பாட்டாகவே நகரும் கதையைத் தானே எழுதியும் இருந்தாள். இதற்கெல்லாம் விலை கொடுத்தவள் மகள். அவளை வளர்த்தது இயக்குநரின் அக்காதான்.

எட்டு வயதில் மகளுக்கு அறுவை சிகிச்சை. அன்று அம்மாவுக்கு வேறோர் ஊரில் முதல் காட்சி. "பரவாயில்லம்மா, பாட்டு முடிஞ்சதும் வா" என்று போனில் சொன்னது அந்தப் பிஞ்சு.

அந்த வரியை இயக்குநர் அப்படியே இந்த ஓபராவில் வைத்துவிட்டாள். இப்போது வளர்ந்துவிட்ட மகள் பேட்டியில் அதைப் படித்ததும், "என் ஆஸ்பத்திரிக் கட்டிலையும் விட்டு வைக்கலையா நீ?" என்று கேட்டாள். அதோடு பேச்சு நின்றது. போன வாரம்தான் மறுபடி கூப்பிட்டாள்.

"ஒரு தடவை வந்து பார்க்கிறேன். உன்னைப் பாவம்னு காட்டியிருந்தா, எழுந்து போயிடுவேன். அப்புறம் உனக்கு மக இல்ல."

இன்று மூன்றாம் வரிசையின் ஓர இருக்கையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. தாமதமாக வந்த தாய், மகள் போய்விட்ட காலிக் கட்டிலிடம் மன்னிப்புக் கேட்கும் இடம். அப்போது தாய் முதுகு காட்டி நிற்க வேண்டும் என்று இயக்குநர் வைத்திருந்தாள். "அங்க ஏன் முகத்தைக் காட்டக் கூடாது?" என்று ஒத்திகையில் கதாநாயகி கேட்டதற்கு, "அதுதான் அழகு" என்று மழுப்பியிருந்தாள்.

இப்போது தானே அப்படி முதுகு காட்டி நின்றாள். மேடை ஓரத்திலிருந்து கதாநாயகியின் குரல் உருகியது: "எனக்கும் வலித்தது மகளே, கலை என்னை அழைத்ததே..."

பின்னால் இருக்கை மடங்கும் ஓசை. தட்.

இயக்குநர் சட்டென்று திரும்பினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடைபாதையில் நின்றிருந்தாள் மகள்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநரின் உதடு அசையவில்லை. அந்த வரியை எழுதியது தானா என்று கூசியது. கதாநாயகியை நோக்கிக் கையை உயர்த்தினாள். குரல் பாதியில் அறுந்தது. இசைக்குழுவை நடத்துபவரின் கோல் அந்தரத்தில் நின்றது.

"நான் வந்திருக்கணும்," என்றாள், பாட்டில்லாத தன் சொந்தக் குரலில்.

கோல் இறங்கியது. வயலின்கள் மட்டும் காட்சியை முடித்தன. மகள் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. திரை விழும்வரை சுவரில் சாய்ந்தே நின்றாள்.

ஒப்பனை அறை வாசலுக்கு வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. அம்மாவின் முகத்தில் பாதி மை கலைந்திருந்தது.

"நாளைக்கும் நீதான் நடிக்கிறியா?"

"அவ கால் சரியாகுற வரைக்கும்."

"அந்தப் பாட்டு?"

"வெட்டியாச்சு."

மகள் கைக்குட்டையை எடுத்து அவள் கன்னத்து மையை அழுத்தித் துடைத்தாள்.

"அப்ப நாளைக்குப் பெரியம்மாவைக் கூட்டிட்டு வரேன். வந்திருக்கணும்னு அவங்ககிட்ட நீ இன்னும் சொல்லல, அம்மா."