பச்சை முனை

துடைத்து மூடிய கண்ணாடி இழை முனையைத் திறந்து மறுபடியும் துடைக்கிறார் கிளாரா. இது நான்காவது தடவை. பிசிறில்லாத துணியில் ஒரே பக்கமாக ஓர் இழுப்பு. வாயால் மட்டும் ஊதவே மாட்டார். "எச்சி ஒட்டிக்கிரும். அம்புட்டுத்தேன், சோலி முடிஞ்சது."

திண்டுக்கல்லில் ஒரு கேபிள் டிவி நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை பதினாறு வருடமாக அவர் பொறுப்பு. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவர். இங்கே கேட்கவா வேண்டும்! ஏசிக் குளிரிலும் நெற்றி வேர்க்கிறது.

ஊருக்கெல்லாம் படம் அனுப்பும் லேசர் கடுகளவுதான். அதன் வெளிச்சம் கண்ணாடி இழை வழியாகப் போகிறது. இழையை இணைக்கும் முனைகளில் பச்சை நிறத்தது சரிவாகச் சீவியது. பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை ஓரமாகத் தள்ளிவிடும். நீலம் தட்டை, தெறிப்பதை வந்த வழியே திருப்பி அனுப்பும். "திரும்பி வாறது துளியூண்டுதேன். லேசருக்குள்ள புகுந்துச்சுன்னா அதுக்குக் கிறுக்குப் புடிச்சிரும். எப்பப் புடிக்கும்னும் தெரியாது" என்பார், சொந்தக்காரப் பையனைப் பற்றிச் சொல்வதுபோல.

போன வருடம் அகரம் அம்மன் திருவிழா நேரலை. அவசரத்தில் பச்சை கைக்கு அகப்படாமல் நீலத்தைச் செருகிவிட்டார். பாழாய்ப் போனது, பொருந்தியும் தொலைத்தது! சோதித்தபோது படம் நன்றாகவே ஓடியது. அம்மன் சிலைக்குக் கண் திறக்கும் நேரத்தில் கட்டம் கட்டமாக உடைந்தது. ஊரே போனில் ஏசியது. "வேதக்காரி வேணும்னே நிறுத்திட்டா" என்று, அவர் கிறிஸ்தவர் என்பதைக் குத்திக்காட்டியும் ஒரு குரல். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

இந்த வருடம் முதலாளி உடையப்பன் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "இன்னொருக்கா ஒடஞ்சுச்சுன்னா சாவிய வச்சிட்டுக் கெளம்பு தாயி."

இன்று அதே நேரலை. பச்சையோடு பச்சையைச் செருகியாகிவிட்டது. "அக்கா, செத்த நேரம் உக்காருங்க. நல்லாத்தேன் இருக்கு" என்கிறார் கூட வேலை செய்யும் அப்துல் ஹக்கீம். கேட்டால்தானே! கிளாராவின் கை இணைப்பை நோக்கிப் போகிறது, பாதியில் நிற்கிறது, திரும்புகிறது. இப்போது கழற்றினால் படம் போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

திரையில் கொட்டுச் சத்தம் ஏறுகிறது.

"ஹக்கீமு, படம் ஒடையலைல?"

"இல்லக்கா. இந்தா, தொறக்கப் போறாக."

குலவை கேட்கிறது. கிளாரா திரைக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிச் செருகிக்கொண்டு, கண்களை மூடிக்கொள்கிறார்.