ஐந்து பேர் குளித்த தண்ணீர்

எங்கள் மேனேஜர் தன் சிறுவயதை எனக்கு டிக்டேஷன் கொடுக்க ஆரம்பித்தது எண்பதுகளின் நடுவில், ஒரு வியாழக்கிழமை மதியம். துபாயில் அப்போது வியாழன் அரை நாள், வெள்ளி லீவு. ஒரு மணிக்கு ஆபீஸ் காலியாகிவிடும். நான் டைப்ரைட்டருக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஒரு மணி நேரம் இருக்க முடியுமா, சொந்த வேலை என்றார்.

அவர் இங்கிலாந்துக்காரர். ஐம்பத்தேழு வயது, தனியாள். கட்டடங்களுக்கு ஏசி குழாய் போடும் கம்பெனி எங்களுடையது. நான் அவருடைய ஸ்டெனோ. கும்பகோணத்தில் டைப்பும் சுருக்கெழுத்தும் ஹையர் பாஸ் செய்துவிட்டு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சொந்த வேலை என்றால் பாங்குக்கு லெட்டராக இருக்கும் என்று நினைத்து நோட்டோடு போய் உட்கார்ந்தேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "நாங்கள் ஏழைகளாக இருந்தோம். ஆனால் அது எங்களுக்குத் தெரியாது" என்றார்.

எழுதிக்கொண்டு, "யாருக்கு சார்?" என்று கேட்டேன்.

யாருக்கும் இல்லையாம். ரிடையர் ஆகி ஊருக்குப் போவதற்குள் எழுதி வைத்துவிட வேண்டுமாம். இப்போதைய குழந்தைகளுக்கு எல்லாமே பேட்டரியில் ஓடுகிறது, நாங்கள் ஒரு குச்சியையும் ஒரு துண்டுக் கயிறையும் வைத்துக்கொண்டு கோடை முழுவதையும் ஓட்டினோம் என்றார்.

வியாபாரக் கடிதம் தவிர எனக்கு வேறெதுவும் டைப் அடித்துப் பழக்கமில்லை. முதல் அத்தியாயத்துக்கு மேலே 'பொருள்: சிறுவயது' என்று போட்டேன். கடைசியில் 'தங்கள் உண்மையுள்ள' என்று அடித்து, கையெழுத்துக்கு நான்கு வரி இடமும் விட்டேன். சனிக்கிழமை காலை அதை அவர் மேஜையில் வைத்தபோது இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேனாவை எடுத்து அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு வியாழனும் ஒரு அத்தியாயம். அவர் சொல்லும் பாதிச் சாமான்கள் எனக்குப் புரியவில்லை. கான்கர்ஸ் என்று ஒரு விளையாட்டு. ஒரு மரத்துக் கொட்டையில் ஓட்டை போட்டு, கயிற்றில் கோர்த்து, ஒருவன் கொட்டையால் இன்னொருவன் கொட்டையை அடித்து உடைக்க வேண்டும். அது தெரியாமல், காதில் விழுந்தபடி, அதே உச்சரிப்பில் 'வெல்வது' என்று அர்த்தம் வரும் இன்னொரு இங்கிலீஷ் வார்த்தையை அடித்துவிட்டேன். அக்டோபர் மாதம் முழுவதும் அந்த ஊர்ப் பையன்கள் ஒரு மரத்தடியில் நின்று நாடுகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம் வந்தது. வெள்ளைக்காரப் பையன்கள் சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிடுவார்கள் போலிருக்கிறது என்று நானும் சந்தேகப்படவில்லை.

துபாயில் டேரா என்ற பகுதியில் நாங்கள் மூன்று பேர் ஒரு ரூமில் இருந்தோம். ஒருவர் சிவகங்கைப் பக்கத்து ஃபோர்மேன். என்னைவிடப் பத்து வயது பெரியவர், சமையல் அவர் பொறுப்பு. இன்னொருவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதால் இங்கிலாந்து சம்பந்தமாக எங்கள் ரூமில் கடைசி வார்த்தை அவருடையது. வியாழன் சாயங்காலம் ஃபோர்மேன் வெங்காயம் நறுக்கும்போது நான் அன்றைய அத்தியாயத்தைத் தமிழில் சொல்வேன். ஒரு மாதத்தில் அது ரூம் வழக்கமாகிவிட்டது.

தகராறு மூன்றாம் அத்தியாயத்தில் வந்தது. மேனேஜர் வீட்டில் குளியலறை கிடையாது. கக்கூஸ் தோட்டத்துக் கோடியில். சனிக்கிழமை தோறும் அடுப்புக்கு முன்னால் ஒரு தகரத் தொட்டியை வைத்து வெந்நீர் ஊற்றி, ஐந்து பிள்ளைகளும் வயது வரிசைப்படி ஒவ்வொருவராகக் குளிப்பார்கள்.

ஃபோர்மேன் கத்தியை நிறுத்தினார். "தண்ணிய மாத்திருவாகள்ல?"

"இல்லண்ணே. அதே தண்ணிதான்."

"அஞ்சு பேருமா?"

"அஞ்சு பேரும். நம்ம சார் நாலாவது."

"தம்பி, நீ ஏதோ தப்பா எழுதிட்டு வந்துருக்க. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, நாலாவது ஆளா, அதே தண்ணியில. அப்படிக் குளிச்சவுகளா நம்மள ஆண்டாக?"

யாழ்ப்பாணத்துக்காரர் கட்டிலில் படுத்தபடியே தீர்ப்புச் சொன்னார். "அது உண்மையாய்த்தான் இருக்கும். எங்கட பள்ளிக்கூடத்திலை ஒரு வெள்ளைக்கார ஃபாதர் இருந்தவர். ஏழு வருஷம். அவர் குளிச்சதை ஒருத்தரும் காணேல்லை."

ஃபோர்மேனுக்குத் தீர்ப்புப் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் முழுவதும் சைட்டில் இங்கிலீஷ் இன்ஜினீயர் பக்கத்தில் வரும்போதெல்லாம் அவரை ஒரு மாதிரிப் பார்த்ததாக அவரே சொன்னார். ஆனால் கதையை விடவில்லை. அந்த வீட்டில் ஒரு பன்றி வளர்த்தார்கள். அதன்மேல் அவருக்குப் பிரியம் வந்துவிட்டது. ஆறாம் அத்தியாயத்தில், கிறிஸ்துமஸுக்கு முன்னால், அது போய்ச் சேர்ந்தபோது, அன்று வைத்த கறிக்குழம்பை அவர் தொடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

எனக்கும் அந்த ஊர் மனப்பாடமாகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் ப்ளாக்பெரி புதர், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மைல், பனியில் ஈரமான காலுறையை வகுப்புக் கணப்பின்மேல் காயப்போடும்போது வரும் நாற்றம். கண்ணைக் கட்டி விட்டாலும் நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

பத்து அத்தியாயம் முடிந்திருந்த நேரத்தில், ஜனவரி மாதம், மேனேஜரின் அக்கா ஊரிலிருந்து வந்தார். ஒரு வியாழக்கிழமை மதியம் தம்பியைச் சாப்பிட அழைத்துப் போக ஆபீஸுக்கு வந்தார். மேனேஜர் சைட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். உயரமான அம்மாள், வெள்ளைத் தொப்பி. என் எதிரே உட்கார்ந்து, தம்பி ஆபீஸில் எப்படி, கோபப்படுவானா என்று விசாரித்தார். தங்கமான மனிதர் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவருடைய சிறுவயதை நான்தான் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

"எங்கே, காட்டு" என்றார்.

கார்பன் காப்பி ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். அக்காதானே, எல்லாம் தெரிந்தவர்தானே என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் இரண்டு பக்கத்துக்குச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. வேகமாகப் புரட்டினார். பின்னாலிருந்து முன்னாலும் ஒரு தடவை புரட்டினார்.

"இதில் நான் எங்கே?" என்று கேட்டார்.

நானும் அப்போதுதான் யோசித்தேன். ஐந்து பிள்ளைகளில் இரண்டு பேர் பெண்கள்தான். ஆனால் இரண்டு பேரும் சாரைவிடச் சின்னவர்களா பெரியவர்களா என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒருத்தி கடைசி. ஒருத்தி மூத்தவள், சிவப்புத் தலை, ஓடையில் மீன் பிடிப்பவள். எதிரே இருந்தவரைப் பார்த்தேன். மீன் பிடிப்பவராகத் தெரியவில்லை.

"நீங்கள் ஐந்து பேரில் எத்தனையாவது, மேடம்?"

"நாங்கள் இரண்டே பேர்தான்."

"இல்லை மேடம், ஐந்து" என்றேன், மரியாதையாக. "மூன்றாம் அத்தியாயம்."

"என் வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று எனக்குத் தெரியாதா?" என்றார். எங்கள் அப்பா பாங்க் மேனேஜர், வீட்டில் இரண்டு குளியலறை, இரண்டிலும் வெந்நீர்க் குழாய், பன்றி என்று எதுவும் எந்தக் காலத்திலும் கிடையாது என்று அடுக்கினார். ஓடையா, எந்த ஓடை என்றார்.

"ஓடை இருந்தது மேடம்" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஓடையை நான் ஏழெட்டுத் தடவை டைப் அடித்திருக்கிறேன். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அவர் மறுபடியும் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்தார். மெதுவாகப் படித்தார். "சிவப்புத் தலை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு காகிதத்தை மடிமேல் வைத்துவிட்டு, "இது எங்கள் தோட்டக்காரர் வீடு" என்றார்.

அந்த நேரத்தில் மேனேஜர் உள்ளே வந்தார். அக்காவைப் பார்த்தார், மடியில் இருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அக்கா கேட்டார்: "அந்தத் தொட்டியில் நீ நிஜமாகவே குளித்தாயா?"

"லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த சனிக்கிழமை எல்லாம்" என்றார் மேனேஜர். பள்ளிக்கூடத்தில் அகப்பட்ட மாணவன் மாதிரி தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"வீட்டில் வெந்நீர் வரும்போதா?"

"நம் வீட்டுக் குளியலறையில் யாரும் பேச மாட்டார்கள்."

அக்கா மடியிலிருந்த காகிதத்தை ஃபைலுக்குள் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நோட்டை எடு, நானும் சொல்ல வேண்டும்" என்றார். சாப்பாட்டை மறந்துவிட்டார்கள். மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அக்கா சொன்னது இவ்வளவுதான்: சனிக்கிழமை சாயங்காலம் தம்பி ஏதோ ஒரு நாற்றத்தோடு வீடு திரும்புவான். அது என்ன நாற்றம் என்று இத்தனை வருடமாகத் தெரியாது, பன்றி என்று இன்றுதான் தெரிகிறது. அம்மா அவனை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டு மறுபடி குளிப்பாட்டுவாள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவன் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவன் எங்கே போகிறான் என்று என்னிடம் சொல்லியிருந்தால் நானும் போயிருப்பேன்.

கடைசி வரியை அவர் இரண்டு தடவை சொன்னார். நான் ஒரு தடவைதான் எழுதினேன்.

அன்று சாயங்காலம் இதை ரூமில் சொன்னபோது எனக்குள் பயம் இருந்தது. இத்தனை வாரமும் கேட்டது வேறு யாரோ வீட்டுக் கதை என்றால் என்ன சொல்வார்கள்? ஃபோர்மேன் அரிசி களைந்துகொண்டே கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப சனிக்கிழமை ரெண்டு தடவ குளிச்சிருக்காரு."

"ஆமாண்ணே."

"அதச் சொல்லணும்ல மொதல்லயே" என்றார், ஏதோ நான் மறைத்து வைத்திருந்ததுபோல.

வேலை போகவில்லை. சனிக்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இதில் சில விஷயங்கள் இன்னொருவர் வீட்டில் நடந்தவை என்று எங்காவது ஒரு வரி சேர்க்கச் சொன்னார். எங்கே என்றேன். உன் இஷ்டம் என்றார். முதல் அத்தியாயத்தில் கையெழுத்துக்குக் கீழே, வியாபாரக் கடிதத்தில் போடுவதுபோல 'பின்குறிப்பு' என்று போட்டு அடித்தேன்.

அக்கா ஊருக்குப் போன பிறகு இன்னும் ஒரே ஒரு அத்தியாயம் வந்தது. இந்தத் தடவை அவருடைய சொந்தக் கதை. ஏழு வயதில் அவரை ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அப்பா ரயிலடியில் கைகுலுக்கிவிட்டுப் போனார். பதினோரு வரி சொல்லிவிட்டு, போதும் என்று நிறுத்திக்கொண்டார். அதையும் அன்று சாயங்காலம் ரூமில் சொன்னேன். ஃபோர்மேன், "கைய மட்டும் குடுத்துட்டா போனாரு?" என்று கேட்டார். அவருக்கு ஊரில் ஒரு மகள், ஏழு வயது. அவள் நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது முதல் தடவை இங்கே வந்தவர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அவர் டூ-இன்-ஒன்னை எடுத்து வைத்து மகளுக்குக் காசெட் பதிவு செய்தார். ஊருக்குப் போகிறவர்கள் கையில் எல்லோரும் அப்படித்தான் குரல் அனுப்புவோம். வழக்கமாக நல்லாப் படி, ஆத்தாளைத் தொந்தரவு பண்ணாதே என்று ஐந்து நிமிடத்தில் முடிப்பார். அன்று முழுக் காசெட்டும் ஓடியது. பனி பெய்ததையும், ஓடையையும், கொட்டை உடைக்கும் விளையாட்டையும் சொன்னார். எல்லாம் அவர் தினமும் போய்வருகிற தெருவில் நடப்பது மாதிரி சொன்னார். பன்றியைக் கிறிஸ்துமஸுக்குப் பிறகும் உயிரோடு வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர் கட்டிலிலிருந்து, "அது செத்துப் போச்சுதெல்லோ?" என்றார். அதுவும் பதிவாகிவிட்டது.

ஆறு வாரம் கழித்துப் பதில் காசெட் வந்தது. மூவரும் உட்கார்ந்து கேட்டோம். முதலில் மகள் ஒரு பாட்டுப் பாடினாள். பிறகு மனைவியின் குரல். வீட்டு விஷயமெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, குரலை இறக்கிக் கேட்டது: "ஏங்க, துபாயின்னு சொல்லிட்டுத்தான போனீக? அங்க ஐஸ் மழ பேயுமாமுல்ல? பன்னி வேற வளக்கிறாகளாம். எந்த நாட்டுல இருக்கீகன்னு நெசத்தச் சொல்லுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஃபோர்மேன் காசெட்டை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்தார். உடனே பதில் பதிவு செய்ய வேண்டும், துபாய்தான் என்று நிரூபிக்க வேண்டும் என்றார். டூ-இன்-ஒன்னை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தார். கார் சத்தம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தான் கேட்கும் என்றார் யாழ்ப்பாணத்துக்காரர். அதுவும் சரிதான் என்று ஃபோர்மேன் யோசித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் இங்க வாங்க. கொஞ்சம் அரபி பேசுங்க" என்றார்.

ஏழெட்டு வருடம் இருந்தவர்கள், மூன்று வருடம் இருந்தவன், எல்லோருக்குமாகச் சேர்த்து போகலாம் என்கிற யல்லா, முடிந்தது என்கிற ஹலாஸ், இல்லை என்கிற மாஃபி மூன்றுதான் தெரிந்திருந்தது. மூன்றையும் மாற்றி மாற்றி, சண்டை போடுகிற குரலில் கொஞ்சமும், கடை வியாபாரக் குரலில் கொஞ்சமுமாக, காசெட்டின் ஒரு பக்கம் தீரும்வரை பேசினோம்.